ஓசூரில் கடையும் பாகம் எந்த நாட்டுக்குப் போகிறது? ஆயுத ஏற்றுமதியில் நம் அரசின் கொள்கை என்ன?

லேத்துக்காரன் (ஓசூர்)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் இடைத்தரகர் ஒருவர் மூலமாக எங்கள் பட்டறைக்கு ஒரு வேலை விசாரிக்க வந்திருக்கிறது. அலுமினிய ஹவுசிங் (வெளிக்கூடு), ஃபைவ் ஆக்ஸிஸ் (ஐந்து அச்சு) மெஷினில் ஓட்ட வேண்டியது, ரேட் நன்றாக இருக்கிறது. டிராயிங்கில் பாக எண் மட்டும்தான். எதில் பொருத்துவார்கள், எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒரு வரி இல்லை. கேட்டால், "டிஃபென்ஸ் எக்ஸ்போர்ட் சார், அதையெல்லாம் கேட்கக் கூடாது" என்கிறார்.

வேலையை எடுப்பதா வேண்டாமா என்பது என் பாடு. உங்களிடம் கேட்பது வேறு. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியதிலிருந்து சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் அதில் ஒரு மையம். கருத்தரங்கு நடந்தால் விமானப் பாகத் தரத்துக்கான ஏஎஸ் 9100 சான்றிதழ் பற்றிப் பேசுகிறார்கள், மானியம் பற்றிப் பேசுகிறார்கள், சாப்பாடும் நன்றாகவே போடுகிறார்கள். யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாது என்று இந்தியாவுக்கு ஒரு கொள்கை இருக்கிறதா என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை வேங்கை

அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாம் விற்காவிட்டால் சீனாக்காரன் விற்பான், துருக்கிக்காரன் விற்பான். 2024-25-ல் நம் பாதுகாப்பு ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 21,083 கோடி. 2029-க்குள் 50,000 கோடி என்பது இலக்கு. இத்தனை காலம் வாங்கிக்கொண்டே இருந்த நாடு இப்போதுதான் விற்க ஆரம்பித்திருக்கிறது, உடனே தர்ம நியாயம் பேச உட்கார்ந்துவிட்டோம். ஆர்டரை எடுங்கள்.

காரிமங்கலம் கவி

வேங்கை தம்பி, எடுத்துவிட்டு அப்புறம் யார் பதில் சொல்வது? நான் ஓசூரில் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். லேத்துக்காரன் அண்ணாவுக்கு முதலில் சட்டம்.

ஸ்கோமெட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆயுதம், ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள், தொழில்நுட்பம் எல்லாம் அதில் வரும். ஆறாவது பிரிவு முழுக்கப் போர்த்தளவாடம். அதற்கான அனுமதியைத் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. மற்ற பிரிவுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்திடம் போகும். ஆயுதத்துக்கென்று வடிவமைத்த பாகம் என்றால் பாகமும் பட்டியலில் அடங்கும். "நான் வெறும் ஹவுசிங்தான் செய்தேன்" என்று தப்ப முடியாது. வாங்குபவரிடமிருந்து இறுதிப் பயனர் சான்று கேட்பார்கள். இதுபோக 2005-ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதச் சட்டம் இருக்கிறது. பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும், அணு, உயிரியல், இரசாயன ஆயுதத்துக்கோ அதைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் குற்றம்.

அந்த இடைத்தரகர் "கேட்கக் கூடாது" என்று சொன்னதே நீங்கள் கேட்டாக வேண்டும் என்பதற்கான காரணம்.

இன்னொன்று. 2024 அக்டோபர் கடைசியில் அமெரிக்கா ரஷ்யப் போருக்கு உதவியதாகச் சொல்லி ஒரே நாளில் ஏறத்தாழ 400 பேர் மீது தடை போட்டது. அதில் இந்திய நிறுவனங்களும் தனி ஆட்களும் உண்டு. அவர்கள் இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்பதே தங்கள் புரிதல் என்று நம் வெளியுறவுத் துறை சொன்னது. ஆனாலும் பெயர் பட்டியலில் ஏறினால் டாலரில் வரவு செலவு நின்றுபோகும். சிறு பட்டறைக்கு அது தாங்குமா?

லேத்துக்காரன் (ஓசூர்)

நன்றி தங்கச்சி. இறுதிப் பயனர் சான்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். "பார்க்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னதும் எங்கள் மெஷின் ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின் வாங்கும்போது எதற்கு, எங்கே, யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிய பிறகு பழைய ஷெட்டிலிருந்து புது ஷெட்டுக்கு நகர்த்தினோம். மெஷின் பூட்டிக்கொண்டது. கம்பெனி ஆள் வந்து, இடம் மாற்றியதற்குக் காரணம் கேட்டு, குறியீடு போட்ட பிறகுதான் சுழன்றது. என் காசு, என் மெஷின், என் ஷெட். சுவர் தாண்டி வைக்க அயல்நாட்டிடம் அனுமதி!

பாரமகால் (கிருஷ்ணகிரி)

அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் பக்கம் உயர்தொழில்நுட்பம் போகாமல் தடுக்க மேற்கு நாடுகள் கோகாம் என்ற அமைப்பை வைத்திருந்தன. 1980-களின் தொடக்கத்தில் தோஷிபா குழுமத்தின் ஒரு நிறுவனம் கப்பல் உந்துவிசிறி கடையும் பெரிய மெஷின்களைச் சோவியத்துக்கு விற்றது. கட்டுப்பாட்டுக் கருவி நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்துடையது. அந்த மெஷின்களால் சோவியத் நீர்மூழ்கிகளின் இரைச்சல் குறைந்துவிட்டது, இனி கண்டுபிடிப்பது கடினம் என்று அமெரிக்கா குதித்தது. 1987-ல் விஷயம் வெளியே வந்தபோது அமெரிக்க நாடாளுமன்ற வாசலில் உறுப்பினர்கள் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்துக் காட்டினார்கள். ஒரு நல்ல மில்லிங் மெஷினும் ஆயுதம்தான் என்று உலகம் புரிந்துகொண்டது அப்போதுதான்.

கோகாம் 1994-ல் முடிந்தது. அடுத்து வந்தது, ஆயுதமும் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருளும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் வாஸனார் ஏற்பாடு. இந்தியா அதில் 2017 டிசம்பரில் உறுப்பினரானது. ஆக உங்கள் மெஷினைப் பூட்டுகிற விதிகளை இப்போது நாமும் சேர்ந்து உட்கார்ந்துதான் பேசுகிறோம். வாங்குபவராக அவதிப்பட்ட இடத்திலிருந்து விதி போடுபவராக எழுந்து போய்விட்டோம். அங்கே உட்கார்ந்து நாம் என்ன பேசுகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

ஊத்தங்கரை வேங்கை

பாரமகால் சார், அந்த அவதியை மறக்க முடியுமா? ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் இன்ஜின் விஷயத்தில் என்ன செய்தார்கள்? ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டோம். ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதியைக் காட்டி 1992-ல் அமெரிக்கா தடை போட்டது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கி, தொழில்நுட்பம் கிடையாது, ஏழு இன்ஜின் மட்டும் வாங்கிக்கொள் என்றது. நம் சொந்த இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஒழுங்காகப் பறந்தது 2014 ஜனவரியில். இருபது வருடம் போனது. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை அமெரிக்கா தன் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது 2025 ஜனவரியில்தான். இவர்கள் விதியை நாம் ஏன் மதிக்க வேண்டும்?

பாரமகால் (கிருஷ்ணகிரி)

மதித்ததால் கிடைத்ததையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நாமும் ரஷ்யாவும் சேர்ந்து செய்த பிரமோஸ் ஏவுகணை ஏன் முதலில் 290 கிலோமீட்டரோடு நின்றது? 300 கிலோமீட்டர் தூரம், 500 கிலோ சுமை என்பது நீங்கள் சொன்ன ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் எல்லை. ரஷ்யா அதில் உறுப்பினர், நாம் அப்போது இல்லை. 2016 ஜூனில் நாம் சேர்ந்தோம், தூரத்தை நீட்டினார்கள். பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு அதே ஏவுகணையைக் கேட்டது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. 2008-ல் அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு நமக்கு விலக்குக் கொடுத்ததும், "இவர்கள் யாருக்கும் கள்ளத்தனமாகக் கொடுத்ததில்லை" என்ற பெயர் இருந்ததால்தான். அணுத் தொழில்நுட்பத்தைக் கள்ளத்தனமாக விற்ற பாகிஸ்தானின் ஏ. க்யூ. கானை நினைத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் விலை புரியும்.

ஹவில்தார் ஓய்வு (பென்னாகரம்)

படித்துக்கொண்டே வந்தேன். மெஷின், இன்ஜின் எல்லாம் சரி. நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவன் நான். 1987 ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் சண்டை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை நம் மண்ணில், அதிலும் தமிழ்நாட்டில், ஈழத் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சி கொடுத்த நாட்டின் சிப்பாயும் பயிற்சி வாங்கிய பையனும் ஒரே பனங்காட்டுக்குள் எதிரெதிரே நின்றோம். அவன் பேசுவது எனக்குப் புரிந்தது, என் பக்கத்தில் நின்ற கூர்க்காவுக்குப் புரியவில்லை. 1990 மார்ச்சில் திரும்பி வரும்போது ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தோம். அந்த ஊர் மக்கள் இழந்தது தனிக் கணக்கு. கப்பல் வந்து நின்றபோது கலைஞர் வரவேற்க வரவில்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் பக்கமும் புரிகிறது.

வேங்கை தம்பி, "நாம் கொடுக்காவிட்டால் வேறொருவன் கொடுப்பான்" என்பது அன்றைக்கும் சொன்ன பேச்சு. கொடுக்கிறவன் கையை விட்டுப் போன பிறகு துப்பாக்கிக்கு எஜமான் கிடையாது. அதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை.

ஊத்தங்கரை வேங்கை

ஐயா, உங்கள் சேவைக்கு வணக்கம். ஆனால் அது ரகசியமாக இயக்கங்களுக்குக் கொடுத்தது. இது அரசுக்கு அரசு விற்பது. ஒன்றாக்க வேண்டாம்.

காரிமங்கலம் கவி

அரசுக்கு அரசு என்றால் கவலை இல்லையா? மியான்மரைப் பாருங்கள். 2020-ல் நம் கடற்படையின் சிந்துவீர் நீர்மூழ்கியை அவர்களுக்குக் கொடுத்தோம். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஜூனில், மியான்மருக்குள் ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. எல்லையில் கிளர்ச்சிக் குழுக்கள் இருக்கின்றன, சீனா உள்ளே வந்துவிடும் என்பது நம் தரப்பு நியாயம். சரி, அதை வெளிப்படையாகச் சொல்லி விவாதிக்கலாமே?

காஸாவும் அப்படித்தான். 2023 அக்டோபரில் போர்நிறுத்தத் தீர்மானத்தில் ஒதுங்கினோம், டிசம்பரில் ஆதரித்தோம், 2025 ஜூனில் மறுபடி ஒதுங்கினோம். நடுவே 2024 ஏப்ரலில் மனித உரிமை மன்றத்தில், இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தச் சொன்ன தீர்மானத்திலும் ஒதுங்கினோம். இஸ்ரேலுக்கான ஏற்றுமதி உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனார்கள். வெளியுறவுக் கொள்கை எங்கள் வேலை இல்லை என்று 2024 செப்டம்பரில் தள்ளுபடி ஆனது. நீதிமன்றம் தலையிடாது, நாடாளுமன்றத்தில் விவரம் வராது என்றால் குடிமக்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

மட்டுறுத்துநர்

காஸாவைப் பற்றி மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கொள்கையைப் பற்றிப் பேசுங்கள், மதத்தைப் பற்றி வேண்டாம்.

தகடூர் வாசகன்

நம் ஊரில் இருந்துகொண்டு ஔவையை விட்டுவிட்டு ஆயுதம் பேசலாமா? தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன பாட்டி, அவன் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு பளபளவென்று இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. ஒரு வார்த்தை மிரட்டல் இல்லை. போரைப் பேச்சிலேயே தடுத்த முதல் தூதர் தகடூர்க்காரி!

பாரமகால் (கிருஷ்ணகிரி)

அருமைதான். ஆனால் அதன் பொருள் "நாங்கள் தினமும் சண்டை போடுகிறவர்கள், ஜாக்கிரதை" என்பது. இன்றைய பேச்சில் அச்சுறுத்தித் தடுத்தல். தொண்டைமானிடம் அது பலித்திருக்கலாம். பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை வந்து தகடூரை அழித்தானே, அப்போது எந்தத் தூதும் உதவவில்லை.

உள்ளூர்ப் பெருமைதான் வேண்டும் என்றால் ஓசூர் பக்கம் தொரப்பள்ளிக்குப் போங்கள். ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. 1962 செப்டம்பரில், 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் கேட்க வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்தார் அந்த மனிதர். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் போன குழு. நேருவை உள்நாட்டில் சுதந்திராக் கட்சி வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தவர், இந்த ஒரு விஷயத்தில் நேரு 1954 ஏப்ரலிலேயே கேட்டதைத்தான் தானும் கேட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அவரால்தான் நடந்தது என்று சொல்லமாட்டேன், கியூபா நெருக்கடி எல்லோரையும் உலுக்கியிருந்தது. ஆனால் இந்தியா அதில் உடனே கையெழுத்துப் போட்டது.

அந்த இந்தியா 1968-ன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஐந்து பேர் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்பது அநியாயம் என்றது. 1974-ல் ஒரு அணுவெடி, 1998-ல் மறுபடி. 1996-ல் முழுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கும் மறுப்பு. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்பதை 2003-ல் அதிகாரப்பூர்வக் கொள்கையாக்கினோம். இதில் ஒவ்வொன்றோடும் நீங்கள் சண்டை போடலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரசு காரணம் சொன்னது, எழுதியும் வைத்தது. ஆயுத விற்பனைக்குத்தான் அப்படி ஒன்றைக் காணோம்.

ஹவில்தார் ஓய்வு (பென்னாகரம்)

எழுதி வைத்தால் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அணு நிலையங்களைத் தாக்கிக்கொள்ளமாட்டோம் என்று 1988 டிசம்பர் 31-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்துப் போட்டன. 1992-லிருந்து ஜனவரி 1-ஆம் தேதி தோறும் இரு பக்கமும் தங்கள் நிலையங்களின் பட்டியலைக் கொடுத்துக்கொள்கின்றன. கார்கில் முடிந்த அடுத்த ஜனவரியிலும் கொடுத்தார்கள், புல்வாமா, பாலாகோட் எல்லாம் நடந்த பிறகும் கொடுத்தார்கள். டிவியில் கத்துகிறவர்களுக்கு இது தெரியாது. காகிதத்தில் இருப்பதைத்தான் சிப்பாய் நம்ப முடியும்.

ஊத்தங்கரை வேங்கை

ஒன்று கேட்கிறேன். எல்லாவற்றையும் வெளியே சொன்னால் ரஷ்யாவோடு என்ன ஆகும்? 2022 மார்ச்சில் உக்ரைன் தீர்மானத்தில் நாம் ஏன் ஒதுங்கினோம்? நம் டாங்கியும் விமானமும் அவர்கள் உதிரிபாகத்தில்தான் ஓடுகின்றன. 2010-14-ல் நம் ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 72 சதவீதம், 2020-24-ல் 36 சதவீதம் என்கிறது ஸ்வீடனின் சிப்ரி ஆய்வு நிறுவனம். பாதியாகக் குறைந்தும் அவர்கள்தான் முதலிடம். அதே சமயம் நம் குண்டுகள் ஐரோப்பா வழியாக உக்ரைனுக்குப் போனதாக 2024-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது, வெளியுறவுத் துறை அதை ஊகம் என்று மறுத்தது. இரண்டு பக்கமும் நட்பு வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கொள்கை. ஆர்மீனியாவுக்குப் பினாகா ராக்கெட் ஏவிகள் கொடுத்தோம், அஜர்பைஜானுக்குக் கோபம். பட்டியல் போட்டு ஒட்டினால் எத்தனை பேர் கோபத்தைச் சம்பாதிப்பது?

லேத்துக்காரன் (ஓசூர்)

தம்பி, இந்த இழையில் நீ எழுதியதிலேயே இதுதான் உருப்படியான கேள்வி. ஆனால் ஆர்மீனியாவையே எடுத்துக்கொள். எல்லோருக்கும் தெரிந்துதானே விற்றோம்? அஜர்பைஜான் பாகிஸ்தானோடு நிற்கிறது, நாம் இந்தப் பக்கம். மறைக்கவில்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறைப்பது எங்கே என்றால் பெயரைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும் இடங்களில்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஏற்றுமதி 23,622 கோடியில் 15,233 கோடி தனியார் துறை. அதற்குப் பின்னால் என்னைப் போல ஜாப் ஒர்க் செய்கிறவன் எத்தனை பேர்? நாளைக்கு ஒரு நாட்டில் விழுந்த குண்டின் துண்டில் நம் பாக எண் இருந்தால் டிவிக்காரன் டெல்லிக்குப் போகமாட்டான், சிப்காட்டுக்கு வருவான்.

காரிமங்கலம் கவி

வேங்கை கேட்டதற்கு என் பதில். 2013 ஏப்ரலில் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தது. இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் என்று தெரிந்தால் விற்கக் கூடாது என்பது அதன் மையம். எதிர்த்தவை ஈரான், வடகொரியா, சிரியா. இந்தியா ஒதுங்கியது. ஏற்றுமதி செய்கிற நாடு இதைச் சாக்காக வைத்து, வாங்குகிற நாட்டின் கையை முறுக்கலாம்; பயங்கரவாதிகளுக்குப் போகும் ஆயுதத்தைப் பற்றி ஒப்பந்தம் அழுத்தமாகப் பேசவில்லை என்பவை நாம் சொன்ன காரணங்கள். அன்றைக்கு அது நியாயம், நாம் வாங்குபவர். இன்று நாம் இரண்டு வரிசையிலும் நிற்கிறோம். அன்று நம்மோடு ஒதுங்கிய சீனா 2020-ல் சேர்ந்தேவிட்டது.

சேர்ந்தால் சீனா நல்லபிள்ளை ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. நாம் சேராமலும் இருக்கலாம். ஆனால் 1946-ல், சுதந்திரம் வருவதற்கு முன்பே, நிறவெறிக்காகத் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையே நிறுத்திய நாடு இது. அன்றைக்கு ஏற்றுமதியில் நமக்கு நஷ்டம்தான். அந்த மாதிரி நாமே எழுதிய ஒரு பக்கம் போதும்: இன்ன காரணம் இருந்தால் விற்கமாட்டோம். நாட்டின் பெயர்கூட அதில் வேண்டாம்.

பாரமகால் (கிருஷ்ணகிரி)

பெயரைப் போடாத விதி என்பது நல்ல யோசனை. வேங்கையின் கவலைக்கும் அது பதில்.

நம் இரண்டு மாவட்டமும் ஒப்பந்தத்தால் கைமாறியவை என்பதையும் சொல்லி வைக்கிறேன். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கையெழுத்துப் போட்டதும் பாரமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறாமல் இருக்க அவருடைய இரண்டு மகன்களையே பிணையாகக் கொண்டுபோனார்கள். இங்கே இருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதாவது கேட்க வழி இருக்கிறது. மக்களவையில் கேள்வி எழுப்ப உறுப்பினர் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு எம்.பி.க்களுக்கும் அனுப்பலாம். கவி, நீங்கள் வரைவு போடுங்கள்.

காரிமங்கலம் கவி

போட்டிருக்கிறேன், திருத்துங்கள்.

"கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஸ்கோமெட் ஆறாவது பிரிவின் கீழ் ஏற்றுமதிக்கு எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை அனுமதிக்கப்பட்டன, போர் நடக்கும் பகுதிகளுக்கான விண்ணப்பங்களை எந்த அளவுகோலின்படி அரசு பரிசீலிக்கிறது, பொருள் சென்று சேர்ந்த பின் இறுதிப் பயன்பாடு சரிபார்க்கப்படுகிறதா, ஆயுத வர்த்தக ஒப்பந்தம் குறித்து 2013-ல் எடுத்த நிலைப்பாட்டை, ஏற்றுமதி வளர்ந்துள்ள சூழலில் அரசு மறுபரிசீலனை செய்துள்ளதா?"

நாடுகளின் பெயரை வேண்டுமென்றே கேட்கவில்லை. கேட்டால் பாதுகாப்புக் காரணம் என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிடுவார்கள்.

ஹவில்தார் ஓய்வு (பென்னாகரம்)

எத்தனை அனுமதிக்கப்பட்டன என்பதற்குப் பக்கத்தில், எத்தனை மறுக்கப்பட்டன, என்ன காரணத்துக்காக என்பதையும் சேருங்கள் அம்மா. அதை முதல் கேள்வியாகவே வையுங்கள்.

ஊத்தங்கரை வேங்கை

மறுத்ததைக் கேளுங்கள், எனக்கும் அது தெரிய வேண்டும். கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தை இழுத்தால் கட்சிச் சண்டையாகிவிடும், மற்றவற்றுக்கும் பதில் வராது.

காரிமங்கலம் கவி

எடுக்கமாட்டேன் தம்பி. தனிக் கேள்வியாகப் பிரித்து அனுப்புகிறேன். முதலாவது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, இரண்டாவது வெளியுறவு அமைச்சகத்துக்கு.